‘முதல் பணியேற்ற நாளிலிருந்து’: இத்தாலியில் அயல்மொழி ஆசிரியர்களின் சம்பள வழக்கு

இத்தாலியப் பல்கலைக்கழக மாணவர்களின் கையில் நெடுங்காலம் ஒரு சிறு புத்தகம் இருந்தது. லிப்ரெத்தோ என்பார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் அதில் ஒரு வரி: பாடம், தேதி, 30க்கு எத்தனை, பேராசிரியரின் கையெழுத்து. இப்போது அது பெரும்பாலும் கணினிக்குப் போய்விட்டது. 1980களில் ஆங்கிலம் படித்த ஒரு மாணவியின் புத்தகத்தில் அந்த ஒரு வரியை நினைத்துப் பாருங்கள். வாரம் தவறாமல் அவளுடைய உச்சரிப்பைத் திருத்தியவர், கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டவர், மொழிக்கூடத்தில் ஒலிநாடாவை நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்க வைத்தவர், எழுத்துத் தேர்வைத் திருத்தியவர் எல்லாம் ஒருவரே. ஆனால் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் இலக்கியம் நடத்திய பேராசிரியர். மொழி கற்றுக்கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது.

அப்படிப் பெயரில்லாமல் வேலை பார்த்தவர்களுக்கு லெத்தோரி என்று பெயர். ‘வாசிப்பவர்கள்’ என்பது நேர்ப்பொருள். தங்கள் தாய்மொழியைக் கற்பிக்க வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலம் கற்பித்த பிரிட்டிஷ்காரர்கள், ஐரிஷ்காரர்கள், அமெரிக்கர்களோடு ஸ்பெயின், பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியத்துக்காரர்களும் இருந்தார்கள். நம் வசதிக்கு லெத்தோரிகள் என்றே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பவர்களின் சம்பளம் என்றாலே, வெள்ளைக்கார ஆசிரியருக்கு அதிகம், உள்ளூர் ஆசிரியருக்குக் குறைவு என்ற குறைதான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். பல நாடுகளில் அது உண்மைதான். ஆனால் நியாயமான சம்பளம் என்றால் என்ன என்று கறாராகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இத்தாலிய வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது என்று நினைக்கிறேன். இங்கே வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் குறைவு. அதைவிட முக்கியம், இரண்டு பக்கமும் சொல்லக்கூடிய எல்லா வாதங்களும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டு, எடைபோடப்பட்டு, பதிவாகியிருக்கின்றன. 30 வருடத்துக்கு மேல் தேடினாலும் இதுபோல் இன்னொரு கோப்பு கிடைப்பது கஷ்டம்.

வெனிஸில் தொடங்கியது

1980 ஜூலை 11 தேதியிட்ட 382ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை இத்தாலியப் பல்கலைக்கழகங்களை மாற்றியமைத்தது. அதன் 28ஆம் பிரிவு, அயல்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைத் தனியார் சட்ட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒப்பந்தம் ஒரு கல்வியாண்டுக்கு. ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். மொத்தம் 5 ஆண்டு. அதற்கு மேல் கிடையாது.

வெனிஸ் பல்கலைக்கழகத்தில் பிலார் அலுயே என்ற ஸ்பானியரும் மேரி கார்மெல் கூனன் என்ற பிரிட்டிஷ்காரரும் 1980-81 கல்வியாண்டு முதல் 1985-86 வரை லெத்தோரிகளாக இருந்தார்கள். அதற்கு மேல் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. இருவரும் வெனிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த நீதிமன்றம் கேள்வியை லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கேள்வி இதுதான்: மற்ற தொழிலாளர்களுக்கு இல்லாத இந்த 5 ஆண்டு வரம்பு, ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 48ஆம் பிரிவு தடைசெய்யும் தேசப் பாகுபாடு ஆகாதா?

வரம்பு தேவை என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் கவனிக்க வேண்டியது. தாய்மொழியை இன்றைய நிலையில் கற்பிக்க வேண்டும். ஒருவர் நீண்ட நாள் அயல்நாட்டில் இருந்தால் சொந்த மொழியோடு தொடர்பு விட்டுப்போகும். அதனால் அவ்வப்போது புது ஆட்கள் வேண்டும் என்றார்கள். சிங்கப்பூரிலும் டொரொண்டோவிலும் 40 வருடமாக இருந்துகொண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எத்தனையோ பேரை நாம் அறிவோம். தாய்மொழி 5 ஆண்டில் துருப்பிடிக்கிற சாமான் இல்லை. நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொன்னது. பண்பாட்டுப் பரிமாற்றமும் தகவல் தொடர்பும் வளர்ந்துவிட்ட காலத்தில் அந்த ஆபத்து சிறியது, சந்தேகம் இருந்தால் ஆசிரியரின் மொழித்திறனைப் பல்கலைக்கழகமே சோதித்துக்கொள்ளலாம் என்றது.

1989 மே 30 அன்று வந்த அந்தத் தீர்ப்பில் ஒரு எண் இருக்கிறது. இத்தாலிய அரசே கொடுத்த கணக்குப்படி, லெத்தோரிகளில் 25 சதவீதம் பேர்தான் இத்தாலியக் குடிமக்கள். சட்டத்தில் ‘வெளிநாட்டவர்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் அடி விழுவது பெரும்பாலும் வெளிநாட்டவர் மேல்தான் என்று நீதிமன்றம் கண்டது அந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் அதே எண்ணைத் திருப்பியும் பார்க்க வேண்டும். நாலில் ஒருவர் உள்ளூர்க்காரர். அவரும் அதே ஒப்பந்தத்தில், அதே சம்பளத்தில், அதே 5 ஆண்டு வரம்பில்தான் இருந்தார். வெளியூர்க்காரரைக் குறைவாக நடத்த ஒரு பதவியை உண்டாக்கினால் அதில் உட்காரும் உள்ளூர்க்காரருக்கும் அதுதான் கதி. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நாலில் ஒருவரை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, 5 ஆண்டு வரம்பு போனது. ஆனால் ஓராண்டு ஒப்பந்தம் நின்றது. ஒவ்வொரு வருடமும் வேலை போய் வேலை வரும். அதுவும் லக்சம்பர்கிற்குப் போய், 1993 ஆகஸ்ட் 2 அன்று இரண்டாவது அலுயே தீர்ப்பு வந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லாதபோது லெத்தோரிகளின் ஒப்பந்தத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓராண்டுக்கு என்று மட்டுப்படுத்துவது சட்டவிரோதம் என்றது.

பெயர் மாற்றம்

இரண்டு தீர்ப்புக்குப் பிறகு இத்தாலி செய்யக்கூடியது மிக எளிமையாக இருந்தது. இருக்கிறவர்களை இருக்கிற இடத்திலேயே நிரந்தரமாக்கி, சேர்ந்த நாளிலிருந்து பணிமூப்பைக் கணக்கிட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. 1995 ஏப்ரல் 21 அன்று 120ஆம் எண் அவசரச் சட்டம் வந்து, ஜூனில் 236ஆம் எண் சட்டமானது. லெத்தோரே என்ற பதவியே ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் ‘தாய்மொழி மொழி உதவியாளர் மற்றும் வல்லுநர்’ என்ற புதுப் பதவி வந்தது. இத்தாலியப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக ‘செல்’ (CEL) என்பார்கள். வேலை நிரந்தரம், ஆனால் கூட்டு ஊதிய ஒப்பந்தத்தில் அவர்களை ஆசிரியரல்லாத பணியாளர்களோடு, அலுவலக, தொழில்நுட்ப ஊழியர்களோடு சேர்த்தார்கள். நேற்றுவரை வகுப்பு எடுத்தவர் இன்றும் அதே அறையில் அதே வகுப்பைத்தான் எடுத்தார். பதிவேட்டில் மட்டும் ஆசிரியர் இல்லை.

அலுவலக ஊழியர்களோடு சேர்த்ததில் இழிவு எதுவும் இல்லை; அவர்கள் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் நடக்காது. பிரச்சினை வேறு. கற்பிக்கும் வேலைக்கான சம்பளப் படிக்கட்டிலிருந்து இவர்களைத் தூக்கி வெளியே வைத்தாயிற்று. அப்புறம், புது ஒப்பந்தம் என்பதால் பழைய ஆண்டுகள் எல்லாம் கழன்றுபோயின.

இதன் பணமதிப்பைப் புரிந்துகொள்ள ஒரு ஆளை நினைத்துக்கொள்வோம். 1983இல் 28 வயதில் சேர்ந்தவர். 1995இல் 12 வருட சர்வீஸ். இத்தாலியப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊதிய உயர்வு உண்டு. 12 வருடத்துக்கு 6 இன்கிரிமென்ட். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இவர் மறுபடி அடிப்படியில் நிற்கிறார். இழந்தது அந்த 6 இன்கிரிமென்ட் மட்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பு. ஒவ்வொரு உயர்வும் அடுத்த உயர்வுக்கு அடித்தளம். 1996இலும் 2006இலும் ஓய்வு பெறும் நாளிலும் அந்த 6 படிக்கான தொகை அவர் சம்பளத்தில் இருக்காது. ஓய்வூதியத்துக்குப் போகும் பிடித்தமும் அதே அளவு குறையும். அரசு வேலையில் இருந்த அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: சர்வீஸ் புத்தகத்தில் ஒரே ஒரு வருடம் விட்டுப்போனாலும் எத்தனை அலுவலகம் ஏறி இறங்குவார்கள் என்று தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இதை விடவில்லை. இத்தாலி மேல் நேரடியாக வழக்குப் போட்டது. 2001 ஜூன் 26 அன்று தீர்ப்பு. அதன் தர்க்கம் அழகானது, ஏனென்றால் மிகவும் எளிமையானது. லெத்தோரிகளைப் பேராசிரியர்களோடு ஒப்பிடவே இல்லை. இத்தாலியின் சொந்தத் தொழிலாளர் சட்டத்தை, 1962ஆம் ஆண்டின் 230ஆம் எண் சட்டத்தை எடுத்துக்கொண்டது. அதன்படி தற்காலிக ஒப்பந்தம் நிரந்தரமாக மாறினால், ஊதிய உயர்வு, பணிமூப்பு, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் மூன்றும் முதலில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். ஓர் இத்தாலியத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உண்டு. லெத்தோரிக்கு ஏன் இல்லை? பசிலிகாத்தா, மிலான், பலெர்மோ, பீசா, ரோமின் லா சபியென்சா, நேப்பிள்ஸின் லோரியந்தாலே ஆகிய 6 பல்கலைக்கழகங்களின் நடைமுறை இதை மீறியது என்று தீர்ப்பு பெயர் குறித்துச் சொன்னது.

உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் சம ஊதியம் என்ற பேச்சில் யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் எப்போதும் சண்டை. இந்தத் தீர்ப்பு அதற்கு ஒரு வழி காட்டியது. ‘அவருக்கு எவ்வளவு, இவருக்கு எவ்வளவு’ என்று தொடங்காமல், ‘இந்த நாட்டில் இதே நிலைமையில் உள்ள உள்ளூர்க்காரரை எந்த விதியின்படி நடத்துகிறீர்கள்’ என்று தொடங்கு என்றது. சம்பள வழக்கு நடத்துகிற எந்தச் சங்கமும் இதைப் படிக்க வேண்டும்.

மறுபக்கம் சொன்னது

பல்கலைக்கழகங்கள் பக்கத்திலும் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் ஆய்வு ஆகாது.

இத்தாலிய அரசியல் சட்டத்தின் 97ஆம் பிரிவு, பொதுப் பணிக்குப் போட்டித் தேர்வின் மூலமே வர வேண்டும் என்கிறது. கொன்கோர்சோ என்பது அந்தத் தேர்வு. ஆராய்ச்சியாளர் பதவிக்கு ஓர் இத்தாலியர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கட்டுரைகள் வெளியிட்டு, கொன்கோர்சோ எழுதி வருகிறார். லெத்தோரி அப்படி வந்தவர் இல்லை. தேர்வெழுதி வந்தவரின் சம்பளத்தைத் தேர்வெழுதாதவர் எப்படிக் கேட்கலாம்? நிரந்தரப் பணிக்காகக் காத்துக்கொண்டே நாற்பது வயதைத் தாண்டும் இத்தாலிய இளம் ஆய்வாளர்களின் நிலையை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

லெத்தோரிகள் இந்த இடத்தில் ஒரு வழக்கில் தோற்றும் இருக்கிறார்கள். வெரோனாவில் ஆங்கிலம் கற்பித்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பெட்ரி, அயல்மொழி விரிவுரையாளர் சங்கத்தை வழிநடத்தியவர். அவரும் சக ஆசிரியர்களும் கூடுதல் பாட வேளைகளுக்கான பதவிக்கு விண்ணப்பிக்கும் உரிமையைக் கேட்டார்கள். அது நிரந்தர ஆசிரியர்களுக்கும், தகுதிகாண் காலம் முடித்து உறுதிசெய்யப்பட்ட ஆராய்ச்சியாளர்களுக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. 1997 நவம்பர் 20 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லும் என்றது. தேர்வின் வழியே வந்தவர்களும் வராதவர்களும் ஒரே நிலையில் இல்லை என்பது அதன் பார்வை.

இந்தத் தோல்வியையும் 2001 வெற்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு கோடு தெரிகிறது. இன்னொருவரின் பதவியைக் கேட்டபோது நீதிமன்றம் மறுத்தது. தன் சொந்த வேலையின் ஆண்டுகளைக் கேட்டபோது கொடுத்தது. கொன்கோர்சோ வாதம் பதவிக்குப் பொருந்தும். செய்து முடித்த 12 வருட வேலைக்குக் கூலி தர மறுக்க அது உதவாது. என் பார்வையில் நியாயமும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. லெத்தோரிகளைப் பேராசிரியர்களாக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மொழி கற்பிப்பது தனிவேலை. அதற்கென்று ஒரு படிக்கட்டு வேண்டும். அதில் ஏறுவதற்கான ஆண்டுகளை யாரும் அழிக்கக் கூடாது.

ஒரு வாக்கியமும் ஒரு அபராதமும்

2001 தீர்ப்புக்கும் இத்தாலி உடனே அசையவில்லை. ஆணையம் மீண்டும் நீதிமன்றம் போய், நாளொன்றுக்கு 3,09,750 யூரோ அபராதம் விதிக்கக் கேட்டது. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2004 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. மார்ச் 5 அன்று அது 63ஆம் எண் சட்டமானது.

அந்தச் சட்டத்தின் மையம் ஒரே வாக்கியம். அதன் சாரம் இது: மேற்சொன்ன 6 பல்கலைக்கழகங்களின் முன்னாள் லெத்தோரிகளுக்கு, அவர்கள் வேலை செய்த மணிநேரத்துக்கு ஏற்ப, முழுவேலை என்பது ஆண்டுக்கு 500 மணிநேரம் என்று கொண்டு, பகுதிநேர உறுதிசெய்யப்பட்ட ஆராய்ச்சியாளருக்கு இணையான ஊதியம், முதல் பணியேற்ற நாளிலிருந்து. ஏற்கெனவே யாருக்காவது இதைவிட நல்ல நிபந்தனை இருந்தால் அது அப்படியே தொடரும்.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். நியாயமான சம்பள விதி ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன. அளவுகோல் யார் என்று பெயர் சொல்லியிருக்கிறது. அந்த அளவுகோல் ஆடம்பரமானதும் இல்லை. கல்வி ஏணியின் கீழ்ப்படியில், அதிலும் பகுதிநேரத்தில் இருப்பவர். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு என்று மணிக்கணக்கு சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லியிருக்கிறது. கூட்டிப் பெருக்கத் தெரிந்த ஒரு கணக்கர், ஒரு ஆசிரியருக்கான நிலுவையை ஓர் உட்காரலில் போட்டுவிடலாம்.

2006 ஜூலை 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்புச் சொன்னது. குறித்த கெடுவுக்குள் இத்தாலி 2001 தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று குற்றம் உறுதியானது. ஆனால் 2004 சட்டம் வந்துவிட்டது. மீறல் இன்னும் தொடர்கிறது என்று காட்டும் தகவல் கோப்பில் போதவில்லை. ஆகவே அபராதம் இல்லை. ஒரு நாள் அபராதம்கூட விழவில்லை. சட்டம் புத்தகத்தில் ஏறியதை, பணம் கைக்கு வந்ததாக எடுத்துக்கொண்ட தீர்ப்பு இது என்பது என் வருத்தம். அபராதம் மட்டும் விழுந்திருந்தால் ஒரு மாதத்துக்கு 90 லட்சம் யூரோவுக்கு மேல். எந்த நிதி அமைச்சகமும் அடுத்த மாதத்துக்குக் காத்திருந்திருக்காது.

அதற்கு அப்புறம் நடந்தது ஆள் ஆளாக வழக்கு. சட்டம் 6 பல்கலைக்கழகங்களைப் பெயர் சொன்னதால் மற்ற இடங்களில் இது யாருக்குப் பொருந்தும் என்று ஒரு சண்டை. பொருந்தும் இடத்திலும் எதுவரை என்று இன்னொரு சண்டை: 1995 வரைக்குமா, அதன் பிறகு செல் ஆக இருந்த ஆண்டுகளிலும் ஆராய்ச்சியாளருக்கு இணையாக ஏறிக்கொண்டே போகுமா? பல்கலைக்கழகங்களோ, ரோம் பணம் அனுப்பட்டும் என்றன. ரோமோ, வேலைக்கு எடுத்தது நீங்கள், தன்னாட்சி உங்களுடையது என்றது. இருவருக்கும் நடுவில் நின்றவர் தனி ஆளாக வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபிளாரன்ஸில் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் வந்த நான்சி டிலே என்ற பெல்ஜியக்காரரின் வழக்கு 2008 மே 15 அன்று மறுபடி லக்சம்பர்க் வரை போயிற்று.

2010 டிசம்பர் 30

இந்த வழக்கின் மிக மோசமான நாள் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அன்று கையெழுத்தான 240ஆம் எண் சட்டம் பல்கலைக்கழகச் சீர்திருத்தச் சட்டம். அமைச்சர் மரியஸ்தெல்லா ஜெல்மினியின் பெயரால் அறியப்படுவது. மிகப் பெரிய சட்டம். இத்தாலி முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கியது வேறு காரணங்களுக்காக. அதன் 26ஆம் பிரிவின் மூன்றாம் பத்தியை அப்போது அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். அது 2004 சட்டத்துக்கு ‘விளக்கம்’ சொல்கிறது. ஆராய்ச்சியாளருக்கு இணையான ஊதியம் என்பது முதல் பணியேற்ற நாளிலிருந்து செல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள் வரை மட்டும். அதன் பிறகு அந்தத் தொகை அப்படியே உறைந்து நிற்கும். கடைசியாக ஒரு வரி: இந்த விஷயத்தில் நிலுவையில் உள்ள வழக்குகள் அணைந்துபோகின்றன.

இத்தாலியச் சட்டமொழியில் வழக்கு அணைந்துபோவது என்பது சாதாரணச் சொல். ஆனால் அந்த வரியைப் பத்து வருடமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒருவரின் இடத்தில் நின்று படியுங்கள். ஒரு தரப்பு கோர்ட்டில் தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்தத் தரப்பே சட்டம் போடும் இடத்திலும் இருக்கிறது. வழக்கையே அணைத்துவிடுகிறது. முதலாளியும் சட்டமன்றமும் ஒன்றாக இருக்கும் எந்த இடத்திலும் தொழிலாளி அஞ்ச வேண்டியது இதைத்தான்.

பிறகு மெல்ல மெல்லப் பணம் ஒதுக்கும் ஏற்பாடுகள் வந்தன. 2017 நவம்பரின் 167ஆம் எண் சட்டம் பல்கலைக்கழக நிதியில் ஆண்டுக்கு 87 லட்சம் யூரோ சேர்த்து, வழக்குகளைச் சமரசமாக முடிக்கச் சொன்னது. போதவில்லை. 2021 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் புது நடவடிக்கையைத் தொடங்கியது. 2023 ஜனவரியில் அடுத்த கட்ட எச்சரிக்கை. மே மாதம் இத்தாலி தன் தொழிலாளர் அவசரச் சட்டத்தில் லெத்தோரிகளுக்காக ஒரு பிரிவைச் சேர்த்தது. ஜூலையில் ஆணையம், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் லெத்தோரிகளின் பணிக்காலத்தைச் சரியாகக் கணக்கிட எதுவும் செய்யவில்லை, பெரும்பாலானவர்களுக்கு உரிய பணம் இன்னும் வரவில்லை என்று சொல்லி, வழக்கை மறுபடி லக்சம்பர்கிற்கு அனுப்பியது. இந்த விஷயத்தில் இத்தாலி மேல் ஆணையம் போட்ட மூன்றாவது வழக்கு அது.

இடையில் 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே போய்விட்டது. ஆங்கிலம் கற்பித்த பிரிட்டிஷ் லெத்தோரிகள் உழைத்த ஆண்டுகள் அவர்கள் ஒன்றியக் குடிமக்களாக இருந்த ஆண்டுகள். கடன் அந்த ஆண்டுகளுக்கானது.

அப்படியானால் எது நியாயம்?

எதிர்த்திசையில் ஒரு இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹாங்காங்கில் 1998-99 கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கான ஆங்கிலப் பெயரின் (Native-speaking English Teacher) சுருக்கமாக ‘நெட்’ திட்டம் என்று அழைக்கிறார்கள். அங்கே உள்ளூர் ஆசிரியர்களுக்கு மனத்தாங்கல். வந்தவர்களுக்கு வீட்டுவசதியை ஒட்டிய சிறப்புப் படி, விமானக் கட்டணம், மருத்துவப் படி, ஒப்பந்தம் முடிந்தால் பணிக்கொடை. தங்களுக்கு அது இல்லை.

அந்த மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, தேர்வுத் தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தி, பெற்றோரிடம் பதில் சொல்லும் வேலை முழுக்க உள்ளூர் ஆசிரியரின் தலையில் விழும்போது, பக்கத்து மேஜைக்காரரின் சம்பளச் சீட்டு உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஏற்பாட்டின் உள்கட்டுமானத்தில் ஒன்று சரியாக இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் உள்ளூர் ஆசிரியருக்கான அதே ஊதிய அட்டவணையில், தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப. சிறப்புப் படி, ஹாங்காங்குக்கு வெளியே நிரந்தர வசிப்பிடம் உள்ளவருக்கு. அதாவது கற்பிப்பதற்கான கூலி ஒரு வரி. வீட்டை விட்டு வந்ததற்கான செலவு தனி வரி. இரண்டும் கலக்கவில்லை. எந்த வரி பெரிதாக இருக்கிறது, ஏன் என்று வெளிச்சத்தில் வைத்துச் சண்டை போடலாம். குறைக்கலாம், கூட்டலாம்.

அந்த இரண்டு வரியும் ஒன்றாகக் கலக்கிற இடத்தில்தான் அநியாயம் ஒளிந்துகொள்கிறது. ‘அவர் வெளிநாட்டவர், அதனால் அதிகம்’ என்று ஒரே தொகையாகக் கொடுக்கும் தனியார் மொழிப் பள்ளியும், ‘அவர் வெளிநாட்டவர், எப்படியும் போய்விடுவார், அதனால் படிக்கட்டு வேண்டாம்’ என்ற 1980இன் இத்தாலிய ஆணையும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. வேலையைப் பார்த்துச் சம்பளம் போடாமல் ஆளைப் பார்த்துப் போடுகின்றன.

ஆளைப் பார்ப்பதற்குப் பதில் தேதியைப் பார்த்தாலும் விளைவு ஒன்றே என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்றும் ஆனது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற பதாகையோடு அவர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்த காட்சியை நாம் பலமுறை செய்தியில் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் இத்தாலியின் 2004 சட்ட வாக்கியத்தைப் படித்துக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

1980இல் 30 வயதில் வேலைக்குச் சேர்ந்த லெத்தோரிக்கு, ஆணையம் மூன்றாவது வழக்கைப் போட்ட 2023இல் வயது 73. அவருடைய நிலுவையைக் கணக்கிட மூன்று விவரம் போதும்: முதலில் பணியேற்ற தேதி, ஒவ்வோர் ஆண்டும் வேலை செய்த மணிநேரம், அந்தந்த ஆண்டில் பகுதிநேர ஆராய்ச்சியாளர் வாங்கிய சம்பளம். மூன்றும் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிற விவரங்கள்தான்.